அச்சகத்தாரின் சொற்களும் நமது தேவையும்

ஒவ்வொரு தொழிலுக்கும் தனக்கெனச் சில சொற்கள் உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்றும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்றும் வழங்குவதை நன்னூல் உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவர். ஒரு கூட்டத்தார் தம்முள் வழங்கும் இத்தகைய சொற்களுக்குக் குழூஉக்குறி என்று இலக்கணம் பெயரிட்டது. அச்சுத் தொழிலிலும் தனிச் சொற்கள் பல உள. அவை மறைப்பதற்காகப் பிறந்தவை அல்ல. வேலையைப் பிழையின்றிச் செய்வதற்காகப் பிறந்தவை. எனினும், அவற்றின் பொருளை அறியாமல் அச்சகத்தின் படியேறுகின்ற வாடிக்கையாளருக்கு அவை குழூஉக்குறியாகவே முடிந்துவிடுகின்றன. அதனால் வரும் இழப்பும் பெரும்பாலும் அவரையே சாருகிறது.

அச்சகத்தின் வாடிக்கையாளர் என்பவர் யார்? நூலாசிரியரும் வணிகரும் மட்டுமல்லர். மகளுக்கு மணம் பேசி முடித்த தந்தையும், சங்கத்துக்கு ரசீதுப் புத்தகம் அடிக்கச் செல்லும் செயலாளரும், புதிய கடைக்கு விளம்பரத்தாள் வேண்டுபவரும் வாடிக்கையாளரே. சித்தூரையும் திருப்பதியையும் எடுத்துக்கொள்வோம். 1911-ஆம் ஆண்டில் அமைந்த சித்தூர் மாவட்டத்தில் இவ்விரண்டு ஊர்களும் நெடுங்காலம் ஒன்றாயிருந்தன. 2022-ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டத்தின் தலைமையிடமாயிற்று. சித்தூர்ப் பகுதியில் கிளிமூக்கு மாம்பழத்தைக் கூழாக்கித் தகரக் குவளைகளில் அடைக்கும் ஆலைகள் உள்ளன. அக்குவளை ஒவ்வொன்றுக்கும் அச்சிட்ட சீட்டு வேண்டும். திருப்பதியில் தேவஸ்தானம் ஆண்டுதோறும் நாட்காட்டியும் நாட்குறிப்பும் அச்சிட்டு வெளியிடுகிறது. இரண்டு ஊர்களிலும் தெலுங்கும் தமிழும் அருகருகே வாழ்கின்றன. திருமலைக் கோயிற் கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை என்பதும், அவற்றைத் தேவஸ்தானம் 1930-களில் தொகுதி தொகுதியாக அச்சேற்றியது என்பதும் பலரும் அறிந்த செய்தி. இன்றும் ஒரு பக்கம் தெலுங்கும் மறுபக்கம் தமிழுமாகத் திருமண அழைப்பிதழ் அச்சிடும் குடும்பங்கள் அங்கு உண்டு.

இத்தகைய ஊரில் வாடிக்கையாளர் பேசுவது தமிழாகவும், இயந்திரத்தின் முன் நிற்பவர் பேசுவது தெலுங்காகவும் இருத்தல் கூடும். ‘அச்சு’, ‘காகிதம்’ என்ற சொற்கள் இரு மொழிக்கும் பொதுவாயிருப்பது ஒரு நன்மை. ஆனால் அவ்விரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு வேலை கொடுத்துவிட இயலாது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்லும்போது எளிதிற் சிதைவது ‘நல்ல’, ‘பெரிய’, ‘பளிச்சென்ற’ என்பன போன்ற பண்புச் சொற்களே. சிதையாமற் செல்வது எண்ணும் அளவும்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பல ஆண்டு உழைத்து எழுதிய நூலைத் தம் சேமிப்பைக்கொண்டு அச்சிட்டார். “நல்ல தாளிற் போடுங்கள்” என்று சொன்னார். “நல்ல தாள்தான் போடுவோம்” என்று அச்சகத்தாரும் வாக்களித்தார். நூல் வந்தது. தாளின் ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கத்தில் நிழலாடியது. ஆசிரியர் மனம் நொந்தார். அச்சகத்தாரோ, அந்த விலைக்குக் கிடைக்கும் தாள்களுள் அதுவே நல்லது என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. ‘நல்ல’ என்ற சொல்லுக்கு இருவரிடமும் ஒரே பொருள் இல்லை, அவ்வளவே. ஆயினும் ஆயிரம் படிகள் அச்சாகிவிட்டன, பணமும் போய்விட்டது. அச்சுத் தொழிற் சொற்களை நாம் அறிய வேண்டுவது இதற்காகவே. அத்தனை சொற்களையும் கற்க வேண்டுவதில்லை. பத்துப் பன்னிரண்டு போதும்.

முதலாவது ‘பாரம்’. “உங்கள் புத்தகம் பத்துப் பாரம் வரும்” என்று அச்சகத்தார் சொன்னால், எடையைப் பற்றிப் பேசுகிறார் என்று புதியவர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. இது ‘ஃபார்ம்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், ஒரே முறையில் அச்சாக வேண்டிய பக்கங்களை ஓர் இரும்புச் சட்டத்துக்குள் அடுக்கி இறுக்குவார்கள். அந்தக் கட்டுக்கு வழங்கிய பெயரே அது. ஈய எழுத்துகள் பெரும்பாலும் மறைந்தன, சொல் நிலைத்துவிட்டது. தமிழ்ப் பதிப்புலகில் இன்று ஒரு பாரம் என்றால் 16 பக்கம். ஒரு தாளை எடுத்து மும்முறை மடித்துப் பாருங்கள்: எட்டு இதழ்களும் பதினாறு பக்கங்களும் கிடைக்கும். கணக்கு அவ்வளவே. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்றும் கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையதாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சாயிற்று. அது 16 பக்கங்களே கொண்டது. பக்கக் கணக்கில் இன்றைய ஒரு பாரம்.

‘டெம்மி 1/8’, ‘கிரௌன் 1/8’ என்பவையும் இம்மடிப்பிலிருந்து பிறந்தவையே. 18 அங்குலமும் 23 அங்குலமும் கொண்ட டெம்மித் தாளின் எட்டில் ஒரு பங்கு டெம்மி 1/8. ஓரங்களை வெட்டிய பின்னர் ஏறத்தாழ ஐந்தரை அங்குல அகலமும் எட்டரை அங்குல உயரமும் நிற்கும். 15 அங்குலமும் 20 அங்குலமும் கொண்ட கிரௌன் தாளில் எட்டில் ஒரு பங்கு அதனினும் சிறியது. பாரக் கணக்கை அறிந்தவர் தம் நூலின் பக்கத்தையும் திட்டமிடுவார். 160 பக்கம் என்றால் 10 பாரம். 165 பக்கம் என்றால் பதினோராவது பாரத்துள் ஐந்தே பக்கம் நுழைந்து, மற்றவை வெறுமையாகக் கிடக்கும். அல்லது அரைப் பாரம், கால் பாரம் என்று பிரித்துத் தனியே வேலை செய்ய வேண்டிவரும். ஐந்து பக்கத்தைச் சுருக்குவது எளிதா, கூடுதற் செலவை ஏற்பது எளிதா என்பதை அச்சுக்கு முன்னரே முடிவு செய்துவிடலாம்.

அடுத்தது தாள். பழைய தமிழ் நூல்களின் முகப்புப் பக்கங்களில் ‘18.6 கிலோ மேப்லித்தோ’, ‘11.6 கிலோ வெள்ளைத்தாள்’ என்று குறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னது பின்னதைப்போல ஒன்றரை மடங்கு கனமான தாள் என்று தோன்றும். உண்மை வேறு. இவை ஒரு ரீமின் எடை. ஒரு ரீம் என்பது 500 தாள். தாளின் பரப்பு மாறினால் ரீமின் எடையும் மாறும். 18.6 கிலோ என்பது 23 அங்குலமும் 36 அங்குலமும் கொண்ட இரட்டை டெம்மித் தாளின் ரீம் எடை. கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு 70 கிராம் வரும். 11.6 கிலோ என்பது 20 அங்குலமும் 30 அங்குலமும் கொண்ட இரட்டைக் கிரௌன் தாளின் ரீம் எடை. அது சதுர மீட்டருக்கு 60 கிராம். இரட்டை டெம்மியில் 16 கிலோ என்று சொல்லப்படும் தாளும் அதே 60 கிராம்தான். ஆகவே கிலோவைக் கேட்டு மயங்க வேண்டுவதில்லை. “சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்?” என்ற ஒரே கேள்வி போதும். அச்சகங்களில் ‘ஜி.எஸ்.எம்.’ என்று வழங்குவது இதனையே. நாம் நாள்தோறும் காணும் ஏ-4 தாள் 80 கிராம் வகையானால், ஒரு தாள் ஏறத்தாழ 5 கிராம் எடை நிற்கும். வீட்டிலேயே நிறுத்துப் பார்க்கலாம்.

இக்கணக்கினால் மற்றொரு பயனும் உண்டு. டெம்மி 1/8 அளவில் 1000 படிகள் அச்சிட்டால், ஒரு பாரத்துக்கு 1000 டெம்மித் தாள் வேண்டும். அஃதாவது இரட்டை டெம்மியில் 500 தாள். அஃதாவது ஒரு ரீம். எனவே 10 பாரம் கொண்ட நூலுக்கு 10 ரீம், 18.6 கிலோத் தாளானால் 186 கிலோ. அச்சின்போது வீணாகும் தாளுக்காகச் சிறிது கூட்டிக்கொள்ள வேண்டும். பொற்கொல்லரிடம் சேதாரம் என்பதைப்போன்றது அது. இரசீதில் எழுதப்பட்ட தாளின் அளவு சரியா என்பதை இவ்வாறு எவரும் ஒரு நிமிடத்திற் சரிபார்த்துவிடலாம்.

மூன்றாவது எழுத்து. எழுத்தின் அளவைப் ‘பாயிண்ட்’ என்று சொல்வர். ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். இதில் ஒரு நுட்பம் உண்டு. பாயிண்ட் என்பது நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் உயரமன்று. அவ்வெழுத்தைத் தாங்கிய ஈயக்கட்டையின் உயரம். கட்டை போன பின்னரும் கணினி அதே கணக்கையே பின்பற்றுகிறது. ஆகவே 12 பாயிண்ட் என்று சொல்லப்படும் இரு வகை எழுத்துகளுள் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் தோன்றலாம். இருமொழி அழைப்பிதழில் இது தெளிவாகப் புலப்படும். தெலுங்கில் ‘வத்து’ எனப்படும் சேர்க்கை எழுத்துகள் வரியின் கீழே இறங்குவதால், அதற்கு வரியிடைவெளி கூடுதலாக வேண்டும். இரு பக்கத்துக்கும் ஒரே பாயிண்டும் ஒரே இடைவெளியும் வைத்தால் ஒரு பக்கம் நெருங்கியும் ஒரு பக்கம் தளர்ந்தும் நிற்கும். இந்த இடைவெளிக்கு ‘லெடிங்’ என்று பெயர். வரிகளுக்கிடையே ஈயத் தகடு செருகிய காலத்தின் எச்சம் அது. பாயிண்டை மட்டும் கேட்டு நிறைவடையாமல், உண்மையான அளவில் ஒரு பக்கம் எடுத்துக் காட்டச் சொல்வதே முறை.

நான்காவது வண்ணம். ‘மல்டிகலர்’ என்று சொன்னால், எண்ணற்ற மைகளைப் பயன்படுத்துவதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் மைகள் நான்கே: சயான் என்னும் பசுநீலம், மஜந்தா என்னும் ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கறுப்பு. இவற்றைச் சிறு சிறு புள்ளிகளாகப் பதிப்பதால் மற்ற நிறங்கள் உள்ளன போலத் தோன்றுகின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் அப்புள்ளிகளைக் காணலாம். குங்குமச் சிவப்பு என்பது மஜந்தாவும் மஞ்சளும் கூடிப் பிறப்பது. கைப்பேசித் திரையில் நாம் காணும் நிறம் ஒளியினால் ஆயது. தாளில் உள்ள நிறம் மையினால் ஆயது. திரையிற் கண்ட பளபளப்பான பச்சையும் ஆரஞ்சும் தாளில் மங்கித் தெரிவதற்கு இதுவே காரணம். பொன்னிறம் இந்நான்கு மைகளின் கலவையிற் பிறவாது. அதற்குத் தனி மையோ, சூடேற்றிப் பதிக்கும் பொன்தகடோ வேண்டும். அதற்குரிய விலையும் தனியே. விலைப்புள்ளியில் ‘4+1’ என்று எழுதியிருந்தால், முன்புறம் நான்கு வண்ணம், பின்புறம் ஒரு வண்ணம் என்பது பொருள். படங்களைப் பற்றியும் ஒரு சொல்: அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பொது விதி. நான்கு அங்குல அகலத்தில் அச்சாக வேண்டிய படத்துக்குக் குறுக்கே 1200 புள்ளியாவது இருத்தல் வேண்டும். கைப்பேசிச் செய்தியில் அனுப்பிய படம் வழியில் சுருங்கியிருக்கும். மூலப்படத்தையே கொடுப்பது நன்று.

ஐந்தாவது ‘பிளீட்’. தாளின் ஓரம் வரை வண்ணம் வேண்டுமானால், வெட்டும் எல்லைக்கு அப்பாலும் 3 மில்லிமீட்டர் அளவுக்கு அவ்வண்ணத்தை ஓடவிட வேண்டும். வெட்டும் இயந்திரம் கட்டுக்கட்டாக வெட்டும்போது இம்மியளவு விலகுவது இயல்பு. வண்ணம் எல்லையோடு நின்றுவிட்டால் வெள்ளைக் கோடு பல்லிளிக்கும். அதேபோல, எழுத்துகள் எல்லையை ஒட்டி நிற்றலும் ஆகாது. மாம்பழக் கூழ்க் குவளையின் சீட்டை எண்ணிப் பாருங்கள். உணவுப் பொருளின் மேற்சீட்டில் 14 இலக்கங்கொண்ட உரிம எண் இருத்தல் வேண்டும். அது ஓரத்தில் நின்று, வெட்டில் ஓர் இலக்கம் போய்விட்டால் அச்சிட்ட சீட்டு அனைத்தும் குப்பையே. மேலும், குவளையின் சுற்றளவை மட்டும் சொல்லாமல், ஒட்டுவதற்குரிய மேற்பொருத்தையும் கூட்டிச் சொல்ல வேண்டும். மடிக்கும் அழைப்பிதழானால் விரித்த அளவு யாது, மடித்த அளவு யாது என்று இரண்டையும் குறித்தல் நலம்.

கட்டமைப்பிலும் சொல்மயக்கம் உண்டு. ‘பெர்ஃபெக்ட் பைண்டிங்’ என்றால் குறையற்ற கட்டு என்று எண்ணிவிடலாகாது. நூலின் முதுகை அரிந்து பசையால் ஒட்டுவதற்கு அப்பெயர் வழங்குகிறது. சிக்கனமானது, ஆனால் அடிக்கடி விரித்துப் படிக்கும் அகராதிக்கும் பாராயண நூலுக்கும் தையலிட்ட கட்டே ஏற்றது. நடுவில் கம்பியடிக்கும் சிறு நூலானால் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும்.

இனி, எல்லாவற்றினும் முதன்மையான சொல்லுக்கு வருவோம். அதுதான் ‘புரூப்’. தமிழில் மெய்ப்பு என்கிறோம். எழுத்து மூலத்தோடு மெய்யாக ஒத்திருக்கிறதா என்று காண்பது மெய்ப்பு. அதன் கீழே ‘அச்சிடலாம்’ என்று நாம் கைச்சாத்திட்ட அந்தக் கணத்தில் பொறுப்பு அச்சகத்தாரிடமிருந்து நம்மிடம் வந்துவிடுகிறது. அதன் பிறகு காணும் பிழை நம் பிழை. மறு அச்சின் செலவும் நம் செலவு. இக்காலத்தில் மெய்ப்பு கைப்பேசிக்கு வருகிறது. பேருந்தில் நின்றபடி விரலால் தள்ளிப் பார்த்துவிட்டுச் ‘சரி’ என்று விடை அனுப்பிவிடுகிறோம். அந்தச் ‘சரி’யும் கைச்சாத்தே என்பதை மறத்தலாகாது. தாளில், உண்மை அளவில், மெய்ப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றொருவர் மெய்ப்பைப் பார்க்கட்டும். பெயர்கள், தேதி, கிழமை, முகூர்த்த நேரம், இடம், தொலைபேசி எண் ஆகியவற்றைத் தனியே ஒருமுறை பாருங்கள். தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியை எடுத்துப் பார்ப்பதில் வெட்கமில்லை. தெலுங்குப் பக்கத்தில் ஒரு கிழமையும் தமிழ்ப் பக்கத்தில் வேறொரு கிழமையும் அச்சாகுமாயின், உறவினருள் ஒரு பாதியினர் மணம் முடிந்த மறுநாள் வந்து நிற்பர். அந்த நாளை மறுபடியும் அச்சிட முடியாது.

கணினியினால் நேரும் பிழையும் ஒன்று உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடு முறைக்கு மாற்றும்போதும், ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்லும்போதும், கொம்பும் காலும் இடம் மாறுவதுண்டு; தெலுங்கில் சேர்க்கை எழுத்துகள் பிரிந்து நிற்பதுண்டு. ஆகவே நாம் கொடுத்த மூலம் பிழையற்றது என்பதால் மெய்ப்பும் பிழையற்றது என்று நம்பிவிட இயலாது. ஒவ்வொரு மொழியையும் அம்மொழி அறிந்தவரே படித்தல் வேண்டும்.

விலையைப் பற்றிய ஐயம் ஒன்று பலருக்கும் உண்டு. “முந்நூறு படிக்கும் ஐந்நூறு படிக்கும் ஏறத்தாழ ஒரே விலை கேட்கிறாரே, இது நியாயமா?” என்பர். இதற்கு விடை காளத்தியில் இருக்கிறது. அங்கே கலம்காரித் துணியில் எழுதுகோல்கொண்டு கையாலேயே சித்திரம் தீட்டுகிறார்கள். ஒவ்வொரு துணிக்கும் தனி உழைப்பு. பத்தாவது துணியும் முதல் துணி அளவுக்கே உழைப்பை வாங்கும். மசூலிப்பட்டினத்துக் கலம்காரியிலோ மரக்கட்டையில் உருவைச் செதுக்கித் துணியிற் பதிக்கிறார்கள். கட்டையைச் செதுக்கும் வரைதான் பெருஞ்செலவு. பின்னர் துணி கூடக்கூட ஒவ்வொன்றின் செலவும் குறையும். அச்சிலும் இவ்விரண்டு முறைகளே உள்ளன. ‘டிஜிட்டல்’ அச்சு காளத்தி முறையைப் போன்றது, தகடு வேண்டாம், ஐம்பது அறுபது படிகளுக்கு ஏற்றது. ‘ஆஃப்செட்’ அச்சு மசூலிப்பட்டின முறையைப் போன்றது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தகடு செய்து, இயந்திரத்தைச் சீர்செய்து, மையை ஒத்திட்ட பிறகே முதற்படி பிறக்கிறது. தகட்டிலிருந்து மை ரப்பர் உருளையில் இறங்கி, அங்கிருந்து தாளில் ஏறுவதால் அதற்கு அப்பெயர். முதற்படி வரை ஆகும் செலவு முந்நூறுக்கும் ஒன்றே, மூவாயிரத்துக்கும் ஒன்றே. எனவே விலை கேட்கும்போது, “ஆயிரத்துக்கு என்ன? அதற்கு மேல் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் என்ன?” என்று இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். படிகள் சிறிது கூடியோ குறைந்தோ வந்தால் கணக்கு எவ்வாறு என்பதையும் முன்னரே பேசிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் கேட்ட பிறகு, அந்த ஆசிரியர் தம் நூலுக்கு எவ்வாறு எழுதியிருக்கலாம் என்று பார்ப்போம். “அளவு டெம்மி 1/8. பக்கம் 160, 10 பாரம். உள்தாள் 70 கிராம் வெள்ளை மேப்லித்தோ. இருபுறமும் கறுப்பு மை. மேலட்டை 300 கிராம் ஆர்ட் அட்டை. வெளிப்புறம் மட்டும் நான்கு வண்ணம். தையற் கட்டு. 1000 படிகள். தாளில் இருமுறை மெய்ப்பு. உள்தாளின் மாதிரி ஒன்றை விலைப்புள்ளியோடு இணைக்கவும்.” இவ்வளவும் ஓர் அஞ்சலட்டையில் அடங்கும். இதிலே ‘நல்ல’ என்ற சொல் ஓரிடத்தும் இல்லை. ஆயினும் நல்ல நூல் வேண்டும் என்பது ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. இதனையே மூன்று அச்சகங்களுக்கு அனுப்பினால் மூவரும் ஒரே பொருளுக்கு விலை சொல்வார்கள். அப்போதுதான் விலைகளை ஒப்பிடவும் முடியும். தமிழறியாத அச்சகத்தாரும் இதனை நொடியிற் புரிந்துகொள்வார்.

வாடிக்கையாளர் இவற்றை அறிந்திருப்பதால் நேர்மையான அச்சகத்தாருக்கு இழப்பு ஒன்றுமில்லை. வீண் பேச்சும் மனக்கசப்பும் குறையும். தம் தொழிலின் சொல்லை மதித்துப் பேசுகின்றவரிடம் எந்தத் தொழிலாளிக்கும் ஒரு தனி மதிப்பு உண்டு. அடுத்த முறை அச்சகம் செல்லும்போது, ஓர் அடிக்கோலையும், உங்களுக்குப் பிடித்த நூல் ஒன்றையும் கையோடு கொண்டு செல்லுங்கள். “இந்த அளவு, இந்தத் தாள், இந்தக் கட்டு, இதற்கு உங்கள் தொழிலில் என்ன பெயர்?” என்று கேளுங்கள். அவர் மகிழ்ந்து சொல்வார். அச்சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவில், குழூஉக்குறி இருவர்க்கும் பொதுமொழி ஆகிவிடும்.